ஒரு யூனிட் மண்ணுக்கு ஏழு ரூபாயா?

மதிப்பிற்குரிய ஒன்றியச் சுரங்கத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். அரியலூர் மாவட்டத்தில், சுண்ணாம்புக்கல் எடுத்து முடித்துக் கைவிடப்பட்ட குழி ஒன்றின் ஓரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். சென்ற மாதம் பக்கத்து வீட்டுச் சினைப்பசு அதற்குள் விழுந்துவிட்டது. விளிம்பில் வேலி இல்லை. செங்குத்தாக வெட்டிய சுவரில் இறங்குவதற்குச் சரிவும் இல்லை. தீயணைப்பு வீரர்கள் கயிறு கட்டி மேலேற்றுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. மாடு பிழைத்தது, கன்று தங்கவில்லை. பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் குளிப்பதும் அந்தக் குழித் தண்ணீரில்தான் என்பதால், அன்றிரவு எங்கள் தெருவில் பேச்சு மாட்டைப் பற்றியதாக இருக்கவில்லை.

சுரங்கம் மூடிய பின் நிலத்தைச் சீராக்குவதற்காகக் குத்தகைதாரரிடம் நிதி உத்தரவாதம் பெறும் விதியைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெரிய இயந்திரங்களைக் கொண்டு தோண்டும் ‘ஏ’ வகைச் சுரங்கங்களுக்கு ஹெக்டேருக்கு 3 லட்சம் ரூபாயாக இருந்ததை 2021இல் 5 லட்சமாக உயர்த்தினீர்கள். இறுதி மூடல் திட்டத்தை உரிய காலத்தில் தராதவரின் தொகையைப் பறிமுதல் செய்யவும் வழி செய்தீர்கள். நன்றி. ஆயினும் ஹெக்டேருக்கு 5 லட்சம் என்றால் சதுர மீட்டருக்கு 50 ரூபாய். குழி 20 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொண்டால், அதை மூட ஒரு யூனிட் மண்ணுக்கு, அதாவது 100 கன அடிக்கு, ஏறக்குறைய 7 ரூபாய்தான் வருகிறது. எங்கள் ஊர்க் கடையில் அந்தக் காசுக்கு டீ கூடக் கிடைக்காது.

எல்லாக் குழிகளையும் நிரப்பச் சொல்லவில்லை. கரையைச் சரிவாக்கி, வேலியிட்டு, நீர்நிலையாக விட்டாலும் ஏற்றுக்கொள்வோம். எதுவானாலும், அந்தந்தக் குழிக்கு ஆகும் உண்மையான செலவைக் கணக்கிட்டு, அதற்கு ஈடான உத்தரவாதத்தைத் தோண்டும் முன்பே பெற வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. பயிர்க்கடன் கேட்டுப் போகும் எங்களிடம் பட்டா, சிட்டா, அடங்கல் என்று கேட்டு, அதுவும் போதாமல் வீட்டுப் பெண்களின் நகையையும் ஈடாக வாங்குகின்றன வங்கிகள். எங்கள் வாக்கை நம்ப இவ்வளவு தேவைப்படும்போது, மலைபோல் இயந்திரங்களைக் கொண்டுவந்து இறக்குபவரிடம் மட்டும் இந்தத் தாராளம் எதற்கு?

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்தருள வேண்டும். மீண்டும் பணிவுடன் கேட்கிறேன்: உத்தரவாதம் உண்மைச் செலவுக்கு ஈடாக இருக்கட்டும், சீரமைத்த நிலத்தைக் கிராம சபை நேரில் பார்த்து ஒப்புதல் தரும்வரை அதைத் திருப்பித் தராதீர்கள். விதி திருத்தக் காலம் பிடிக்கும் என்றால், அதுவரை எங்கள் குழியைச் சுற்றிக் கம்பிவேலியாவது போட ஆவன செய்யுங்கள்.

இப்படிக்கு,
அரியலூர் மாவட்ட விவசாயி ஒருவர்