ஊடுபயிர்க் கணக்கில் செலவையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தென்னந்தோப்பில் ஜாதிக்காய், கோகோ, மிளகு ஆகியவற்றைச் சேர்த்துப் பயிரிட்டு நல்ல வருமானம் பார்ப்பவர்களைப் பற்றித் தங்கள் வேளாண் பக்கத்தில் வரும் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். கலப்புப் பயிர் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தென்னையை 25 அடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 70 மரங்கள்தான் நிற்கும். தென்னையின் வேர்களில் பெரும்பகுதி மரத்தைச் சுற்றி ஆறேழு அடிக்குள் அடங்கிவிடுவதால், இடையில் உள்ள நிலம் சும்மா கிடக்கிறது. காசர்கோட்டில் உள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலமாகச் சொல்லி வருவதும் இதைத்தான். ஆனால் அக்கட்டுரைகள் வரவை விரிவாக எழுதுகின்றன. செலவைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன.

மிளகுக் கொடியைத் தென்னையிலேயே ஏற்றினால் தாங்குமரம் தேவையில்லை என்பது உண்மை. எனினும் மரமேறித் தேங்காய் பறிக்கும் தோப்பில், ஏறுபவரின் கால் படும் இடமெல்லாம் கொடி பிய்ந்துவிடும்; துரட்டி போட்டு வெட்டினாலோ, விழும் குலை கீழே நிற்கும் கோகோக் கிளையை முறிக்கும். ஜாதிக்காயை விதைக்கன்றாக நட்டவர்கள், ஏழெட்டு ஆண்டுகள் தண்ணீர் பாய்ச்சி வளர்த்த பிறகே ஏறக்குறைய பாதி மரங்கள் காய்க்காத ஆண்மரங்கள் என்று அறிகிறார்கள். காய்க்கும் பெண்மரத்திலிருந்து எடுத்த ஒட்டுக்கன்றின் விலை கூடுதல்தான். அந்த இழப்போடு ஒப்பிட்டால் அது பெரிதன்று. விளைபொருளின் விலையும் நிலையாக இருப்பதில்லை. 2024-இல் கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டிய காய்ந்த கோகோ விதை, பின்னர் அதில் பாதிக்கும் கீழே இறங்கியது.

எல்லாவற்றிலும் முக்கியம் தண்ணீர். திருச்சூர், எர்ணாகுளம் மாவட்டங்களின் மழைவளத்தில் செழிக்கும் ஜாதிக்காய்த் தோட்டத்தைப் பார்த்துவிட்டு, மழை குறைந்த எங்கள் பாலக்காடு மாவட்டத்துக் கிழக்குச் சித்தூரில் அதே முறையை அப்படியே செய்ய முடியாது. தமிழகமும் கேரளமும் செய்துகொண்ட பரம்பிக்குளம்-ஆழியாறு நீர்ப் பங்கீட்டு ஒப்பந்தப்படி சித்தூர்ப் பகுதிக்கு உரிய 7.25 டிஎம்சி நீரை நம்பியே இங்குள்ள வயலும் தோப்பும் இருக்கின்றன. கோடையில் அந்தத் தண்ணீரைத் தென்னைக்கும் ஊடுபயிர்களுக்கும் பங்கிட்டால் முதலில் வாடுவது ஊடுபயிர். ஆனால் நீடித்து நட்டம் தருவது தென்னை. பாளை உருவாகி வெளிவந்து காய் முற்றுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்பதால், இன்றைய வறட்சியின் பாதிப்பு இரண்டு ஆண்டுகள் கழித்தும் காய்ப்பில் தெரியும். ஊடுபயிருக்குத் தனியாக எருவும் நீரும் கொடுக்காத தோப்பில், முதல் ஆண்டுக் கணக்கு எவ்வளவு லாபம் காட்டினாலும் அதை நம்புவதற்கில்லை.

ஆகவே, தோப்பு உரிமையாளர்களைப் பேட்டி காணும்போது அவர்களுடைய தென்னை ஊடுபயிருக்கு முன் எத்தனை காய் தந்தது, ஐந்தாண்டுகள் கழித்து எத்தனை தருகிறது, கவாத்துக்கும் பறிப்புக்கும் என்ன கூலி ஆகிறது, கோடையில் கிணற்று நீர் எத்தனை நாளுக்கு வருகிறது என்பவற்றையும் கேட்டு வெளியிட வேண்டுகிறேன். கடன் வாங்கிக் கன்று நட நினைக்கும் சிறு விவசாயிகளுக்கு இந்த விவரங்கள்தான் தேவை.

இப்படிக்கு,
தென்னை விவசாயி,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்