அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரச் செய்தியாளர்களுக்கு

அன்புத் தம்பி, தங்கைகளே,

பேட்டி என்றால் மடித்த தாளோடு முன்வரிசையில் வந்து உட்காருவாரே அந்தப் பெரியவர், அவரைப் பற்றித்தான் இந்த மடல். மந்திரியே ஆனாலும் கேட்டதையே திரும்பக் கேட்பார். "வேற கேள்வி இருந்தா கேளுங்க" என்று மேடையிலிருந்து குரல் வரும். உடனே உங்களில் ஒருவர் கூட்டணியைப் பற்றிக் கேட்டுவிடுகிறீர்கள். அவர் கேள்வி அதோடு போச்சு.

பிடிவாதக்காரர் என்று சிரிக்கிறீர்கள். அந்தத் தாளை ஒருநாள் வாங்கிப் பாருங்கள். ஊருணிப் பணி என்றால் மதிப்பீட்டுத் தொகை, பணி ஆணை தேதி, முடிக்கவேண்டிய கெடு, எம்-புக்கில் (செய்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம்) ஏறிய அளவு, பட்டுவாடா ஆன தொகை எல்லாம் அதில் இருக்கும். "வேலை எப்ப முடியும்?" என்று கேட்டால் "விரைவில்" என்பார்கள். "கெடு முடிஞ்சிருச்சு, பில்லும் போயிருச்சு, வரத்துக்கால் வாய் ஏன் இன்னும் மண்மூடிக் கிடக்கு?" என்று கேட்டால் அந்த 'விரைவில்' எடுபடாது. சுற்றுச்சுவரும் படிக்கட்டும் பளபளத்தாலும் தெருத்தண்ணீர் அந்தக் கால்வாய் வழியாக உள்ளே வர வழியில்லையென்றால் அது வெறும் கல் கட்டிய பள்ளம்தானே?

விவரம் சும்மா கிடைப்பதில்லை. தகவல் உரிமைச் சட்டம் 6(1) பிரிவில் மனு எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டவேண்டும். 30 நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அங்கும் நடக்காவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். பல மனுக்கள் கவிழ்வது "ஏன் செய்யவில்லை?" என்று எழுதுவதால்தான். இருக்கிற ஆவணத்தைத் தரத்தான் சட்டம் சொல்கிறது. விளக்கம் எழுதித் தரச் சொல்லவில்லை. 'எம்-புக் பக்கங்களின் நகல்' என்று எழுதுங்கள். 'ஏன்' என்பதை மைக்கை நீட்டும்போது கேட்டுக்கொள்ளலாம்.

அங்கேயும் இரண்டு கேள்வியை ஒட்டவைக்காதீர்கள்; சுலபமானதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு எழுந்துவிடுவார்கள்.

இனி அவரை மறித்தால், பக்கத்தில் இருப்பவர் அதே கேள்வியைக் கேளுங்கள். மூன்றாவது ஆளும் அதையே கேட்டால், ஒருத்தரின் தனிப்பட்ட கோபம் என்று தள்ளிவிட முடியாது. அப்போதும் வாய் திறக்காவிட்டால், கேள்வியை முழுசாகப் போட்டு 'பதில் தரவில்லை' என்று எழுதி அனுப்புங்கள். அந்த வரியை நாங்கள் வெட்டமாட்டோம். ராய. சொக்கலிங்கன் 'ஊழியன்' பத்திரிகை நடத்திய ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லவேண்டியிருக்கிறதே!

அடுத்த பேட்டிக்கு முன்னால் பெரியவரிடம் அந்தத் தாளை வாங்கி ஆளுக்கொரு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டால் கொடுப்பார்.

இப்படிக்கு,
உங்கள் செய்திகளைத் திருத்தி அச்சுக்கு அனுப்புகிறவர்கள்