சிறை வாசலுக்கு வெளியே ஒரு முகவரி

தமிழ்நாடு அரசின் உள்துறைச் செயலாளர் அவர்களுக்கும், சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம். நான் சட்ட உதவிப் பணியில் ஈடுபட்டுள்ள ஒரு தன்னார்வலர். சிறையிலிருந்து விடுதலையாகித் தங்க இடமின்றி நிற்பவர்களுக்குத் தற்காலிக விடுதிகள் வேண்டி இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு, ஒன்பது ஆண்டுகள் தண்டனை முடித்த ஒருவரை அழைத்துவர ஒரு மத்தியச் சிறை வாசலுக்குச் சென்றிருந்தேன். அவர் கையிலிருந்த துணிப்பையில் இரண்டு சட்டைகள், விடுதலைச் சான்று, உள்ளே தச்சு வேலை செய்து சேர்த்த கூலிக்கான காசோலை, இவ்வளவுதான். காசோலையை மாற்ற வங்கிக்குப் போனால் கணக்கு முடங்கியிருந்தது. ஆதாரோடு இணைத்திருந்த கைபேசி எண் என்றோ வேறு யாருக்கோ போய்விட்டது. புதுக் கணக்குத் தொடங்கலாமென்றால் இப்போதைய முகவரி எது என்று கேட்டார்கள். அவர் என் முகத்தைப் பார்த்தார். வீட்டில் சேர்க்க அண்ணன் மறுத்திருந்தார். கல்யாண வயதில் இரண்டு பெண்களை வைத்திருக்கும் அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அன்றிரவு பேருந்து நிலையத்தில் படுத்தவரை ரோந்துக் காவலர் எழுப்பிப் பையைச் சோதித்தபோது முதலில் வெளியே வந்தது விடுதலைச் சான்றுதான்.

அண்ணா பிறந்தநாளையொட்டி 700 ஆயுள் கைதிகளை முன்விடுதலை செய்யப்போவதாக 2021 செப்டம்பரில் அரசு அறிவித்தபோது நானும் மகிழ்ந்தேன். ஆனால் விடுதலை செய்வது ஓர் அரசாணையோடு முடிகிற காரியமன்று. நடுவண் அரசின் 2016 ஆம் ஆண்டு மாதிரிச் சிறைக் கையேடு, விடுதலைக்குப் பிந்தைய பராமரிப்பைப் பற்றித் தனி அத்தியாயமே வைத்திருக்கிறது. தங்கள் துறையிலும், வெளிவருவோரைக் கண்காணித்து வழிநடத்தும் நன்னடத்தை அலுவலர்கள் இருக்கிறார்கள். சிறைவாசிகள் வேலை செய்யும் பெட்ரோல் பங்குகளும் இருக்கின்றன. இல்லாதது, விடுதலையானவர் வேலை முடிந்து திரும்பிவந்து படுக்க ஓர் இடம். வீடற்றோருக்கான மாநகராட்சிக் காப்பகங்கள் அவசரத்துக்கு உதவலாம். பல்லாண்டு அடைபட்டுக் கிடந்தவருக்கு வேண்டிய வழிகாட்டுதலை அங்கே எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இங்கிலாந்தின் சில பகுதிகளில், தங்க இடமின்றி வெளிவருவோருக்கு 84 இரவுகள் வரை தற்காலிக உறைவிடம் தரும் திட்டம் 2021 இல் தொடங்கப்பட்டது. அதே அளவு நாட்களுக்கு, புழல், வேலூர், திருச்சி, மதுரை, பாளையங்கோட்டை போன்ற மத்தியச் சிறைகள் உள்ள ஊர்களில் இருபது பேர் தங்கும் சிறு விடுதிகளை முதலில் திறக்குமாறு கேட்கிறேன். அவ்விடுதி தரும் தங்கல் சான்றை வங்கிகளும் குடும்ப அட்டை வழங்கும் அலுவலகங்களும் முகவரிச் சான்றாக ஏற்கும்படி ஆணையிட வேண்டும். இது இல்லையென்றால் விடுதி வெறும் சத்திரமாகிவிடும். ஆதார், வங்கிக் கணக்கு, கைபேசி எண் ஆகியவற்றைச் சரிசெய்யும் வேலை விடுதலைக்கு மூன்று மாதம் முன்பே, சிறைக்குள்ளேயே தொடங்க வேண்டும். பெரும்பாலும் மனு கொடுத்துச் சந்திக்கக்கூட யாரும் வராத பெண் சிறைவாசிகளுக்குத் தனி விடுதி வேண்டும். அதில் பிள்ளைகளும் உடன் தங்க இடமிருக்க வேண்டும்.

இவற்றுக்கு எந்த அலுவலர் பொறுப்பு என்பதை அரசாணையிலேயே பதவியைக் குறிப்பிட்டு எழுதுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சட்டத் தன்னார்வலர்