திருக்குளத் திருப்பணி நிறைவு அறிக்கை: உறுப்பினர்களின் பார்வைக்கு

அன்புடையீர், வணக்கம்.

நம் கோயில் திருக்குளத்தைத் தூர் வாரி, படித்துறைகளைச் சீர்செய்து, அங்கே வந்து போகும் பிள்ளைகளின் உயிருக்குக் காவலான ஏற்பாடுகளையும் செய்து முடிக்கும் பொறுப்பை 2023 வைகாசியில் கூடிய பொதுக்குழு எங்களிடம் ஒப்படைத்தது. இறைவன் திருவருளாலும் உங்கள் பொருளுதவியாலும் உடலுழைப்பாலும் அப்பணி நிறைவெய்தி, குளம் நிரம்பி, 2025ஆம் ஆண்டின் தைத் தெப்பமும் பங்குனித் தீர்த்தவாரியும் குறைவின்றி நடந்தேறிவிட்டபடியால், செய்தவற்றையும் செய்ய இயலாமற்போனவற்றையும் உங்கள் முன் வைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

பணி எதனால் தொடங்கியது என்பதை முதலில் பதிவு செய்துவிடுகிறோம். 2023 ஏப்ரல் 5 அன்று, நமக்கு அருகிலுள்ள மூவரசம்பட்டுக் குளத்தில், நங்கநல்லூர் தர்மலிங்கேஸ்வரர் கோயில் தீர்த்தவாரிக்காக இறங்கிய ஐந்து இளைஞர்கள் நீரில் மூழ்கி இறந்தார்கள். தடுமாறியவரைக் காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்தே போய்விட்டார்கள் என்று அன்று நம் தெருவில் பேசாத வீடு இல்லை. நம் கோயிலிலும் அதே பங்குனியில், அதே முறையில், நம் பிள்ளைகள் சுவாமியைத் தோளில் சுமந்துவந்து குளத்தில் இறங்குகிறவர்களே. அதுவரை அவர்கள் பிடித்துக்கொள்ள ஒரு கயிறுகூட நாம் கட்டியதில்லை. கோபுரத்துக்கு வண்ணம் பூசுவதை அடுத்த திருப்பணிக்குத் தள்ளிவைத்துவிட்டுக் குளத்தை முதலில் எடுத்துக்கொள்வோம் என்று பொதுக்குழுவில் எழுந்து கேட்டவர்கள், பிள்ளைகளைப் பெற்ற தாய்மார்கள்தான்.

குளத்தின் நிலை உங்களுக்குத் தெரிந்ததே. 2019 கோடையில், சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு ஊரே லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற நாட்களில், நம் குளமும் வெடித்துக் கிடந்தது. அதன் நடுவே பையன்கள் ஸ்டம்பு நட்டுக் கிரிக்கெட் ஆடினார்கள். அன்று அங்கே ஆடிய பிள்ளைகள்தான் இன்று சுவாமி தூக்கும் வயதுக்கு வந்திருக்கிறார்கள். குளத்தின் அடி அங்குலம் அங்குலமாகத் தெரியும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. ஆனால் தூர் வாரிய பிறகு அந்த அடி அங்கே இல்லை. வண்டல் படிந்து மேடாகியிருந்த இடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் பள்ளம் விழுந்துவிட்டது. கடைசிப் படியில் நிற்பவன் அடுத்த அடியை வைத்தால் கால் எங்கும் பதியாது. மேடான குளத்தைவிடத் தூர் வாரிய குளம்தான் இறங்குகிறவனுக்கு ஆபத்தானது என்பதைப் பணி பாதி நடந்த பின்னரே நாங்கள் முழுமையாக உணர்ந்தோம். வெறும் தூர் வாரலோடு நிறுத்தியிருந்தால், புண்ணியம் என்று எண்ணி ஒரு பொறியை வெட்டி வைத்தவர்களாகியிருப்போம்.

அறநிலையத் துறையின் அனுமதி கிடைத்ததும், 2023 கோடையின் பிற்பகுதியில் தூர் வாரும் வேலை தொடங்கியது. பெயர்ந்து கிடந்த படிக்கற்களை எடுத்து நிலைநிறுத்தி, இடுக்குகளைச் சுண்ணாம்பும் மணலும் சேர்ந்த காரையால், கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டு அரைத்துப் பூசினோம். சிமெண்டு விரைவாக முடியும் என்றாலும், பழைய கல்லோடு ஒட்டாமல் சில மழைக்காலங்களில் விரிந்துவிடும் என்று ஸ்தபதி சொன்னதை ஏற்றுக்கொண்டோம். குளத்தின் அடியில் தளம் போட்டுவிட்டால் தண்ணீர் ஆண்டு முழுதும் நிற்குமே என்று உறுப்பினர்கள் சிலர் எழுதிக் கேட்டிருந்தீர்கள். அடியை அடைத்துவிட்டால் நீர் நிலத்தில் இறங்காது, சுற்றியுள்ள தெருக்களின் கிணறுகளுக்கும் ஆழ்துளைக் குழாய்களுக்கும் ஊறாது. ஆகவே அதை நாங்கள் செய்யவில்லை. மழைநீர் வரும் வழியில் மட்டும் வண்டல் தங்கும் தொட்டி ஒன்று கட்டப்பட்டு, சாக்கடை கலந்துவந்த இரண்டு இணைப்புகள் துண்டிக்கப்பட்டன.

இனி, தாமதத்தைப் பற்றி. ஐப்பசிக்குள் முடிப்பதாகச் சொன்ன பணி ஓராண்டுக்கு மேல் நீண்டது எங்கள் பொறுப்பே. கடைசிப் படிக்கு அப்பால் கால் ஊன்ற நீருக்குள் வரவேண்டிய கல்தளமும் கைப்பிடிக் கம்பிகளும் மழைக்கு முன் முடியவில்லை. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையில் குளம் ஒரே நாளில் நிரம்பிவிட்டது. தளம் இல்லாத, ஆழம் மட்டும் கூடிய குளம் விளிம்பு தொட்டு நின்றது. வேலையை எடுத்திருந்த ஒப்பந்தக்காரர் வேலித் தகரங்களை முன்பே கழற்றிக்கொண்டு போயிருந்தார். அதை அன்றே கேட்டுத் தடுக்காதது எங்கள் தவறு. சவுக்குக் கம்புகளைக் கட்டி மறித்து, முறைவைத்து ஆட்களை உட்காரவைத்தோம். அப்படியும் தை மாதத்து மாலை ஒன்றில், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஒருவன் பந்தை எடுக்க வேலிக்குள் நுழைந்து, பாசி படிந்த படியில் வழுக்கி உள்ளே போய்விட்டான்.

அவன் சத்தம் போடவில்லை. நீரில் மூழ்குபவர் கூவி அழைப்பார் என்று நாம் நினைத்திருக்கிறோம். மூச்சுக்குத் தவிக்கும் வாய்க்குக் குரல் எழும்பாது என்பதை அன்று கண்ணால் கண்டோம். கரையில் நின்ற அவனுடைய நண்பர்கள் இருவர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் நீச்சல் தெரியாது. கோயில் வாசலில் பூக்கட்டும் அம்மா மடியிலிருந்த பூவையெல்லாம் கீழே கொட்டிவிட்டு எழுந்து, அந்த இருவரையும் "இறங்காதீங்கடா" என்று அதட்டி நிறுத்தி, மதிலோரம் சாத்தியிருந்த துறட்டியை எடுத்துப் படியில் குப்புறப் படுத்தபடி நீட்டினார். முருங்கைக்காய் பறிக்கிற அந்தத் துறட்டியின் கொக்கி அவன் சட்டைக் காலரில் மாட்டியது. பிள்ளை பிழைத்தான். துறட்டி நுனியில் காலர் துணியின் நீலக் கிழிசல் ஒன்று பல நாள் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மாவுக்குப் பொதுக்குழுவின் சார்பில் சால்வை அணிவித்தோம். அவர் கற்றுத்தந்ததை அப்படியே திட்டத்தில் சேர்த்துக்கொண்டோம். இன்று குளத்தின் நான்கு மூலைகளிலும் நீண்ட மூங்கில் கழியும், கயிறு கட்டிய மிதவை வளையமும், இறுக மூடிக் கயிறு கோத்த இருபது லிட்டர் காலித் தண்ணீர் கேனும் பூட்டில்லாத பெட்டியில் தொங்குகின்றன.

2024 கோடையில் நீர் வற்றியதும் மீதிப் பணி முடிக்கப்பட்டது. பிறவியிலேயே பார்வையற்றவரான தண்டியடிகள் நாயனார், திருவாரூர்க் குளத்தின் உள்ளே ஒரு தறியும் (கம்பமும்) கரையில் ஒரு தறியும் நட்டு, இடையே கயிறு கட்டி, அதைத் தடவியபடியே மண் சுமந்து குளத்தைப் பெருக்கிய வரலாற்றை நாம் ஆண்டுதோறும் குருபூசையில் கேட்கிறோம். கரைக்கும் குளத்துக்கும் நடுவே கைக்கு ஒரு பிடிமானம் வேண்டும் என்பது நம் அடியார் ஒருவர் செய்து காட்டிய வழிதான் என்று குழு உறுப்பினர் ஒருவர் சொன்னபோது, இது கோயில் அழகைக் கெடுக்கும் என்று தயங்கிய பெரியவர்களும் இசைந்தார்கள். கிழக்குப் படித்துறையின் கடைசிப் படிக்கு அப்பால் எட்டடி அகலத்துக்குக் கருங்கல் தளம் அமைத்து, அதன் மூன்று பக்கமும் கல்தூண் நட்டுச் சங்கிலி கோக்கப்பட்டுள்ளது. படிகளின் இருபுறமும் துருப்பிடிக்காத எஃகுக் கைப்பிடி நீருக்குள்ளும் தொடர்ந்து தளம்வரை செல்கிறது. தூண்களில் சிவப்பு வண்ணத்தில் அடிக்கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. மற்ற மூன்று படித்துறைகளுக்கும் கதவு உண்டு. தெப்ப நாட்களில் மட்டுமே அவை திறக்கப்படும்.

தீர்த்தவாரிக்கென ஒரு நெறியும் வகுத்துள்ளோம். தளத்தின் மேல் நீர் மூன்றடிக்குள் நின்றால், நீச்சல் தெரிந்தவர்கள் மட்டும், சுவாமியின் சூல வடிவான அஸ்திரதேவருடன் சங்கிலிக்குள் இறங்குவார்கள். அதற்கு மேல் நீர் இருந்தால் எவரும் இறங்காமல், படியில் நின்றே குடத்தில் முகந்து அபிஷேகம் செய்யப்படும். இதில் ஆகமத்துக்கு முரண் இல்லை என்று குருக்கள் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார். இந்தப் பங்குனியில் நீர் மூன்றடிக்குச் சற்று மேலே நின்றது. ஆண்டுக்கணக்கில் இறங்கிப் பழகிய இளைஞர்களுக்கு வருத்தம் இருந்தது. இருந்தும் ஒருவர்கூடச் சங்கிலியைத் தாண்டவில்லை. எழுதிவைத்த நெறியை முதல் ஆண்டிலேயே தளர்த்தாமல் காத்த அந்தப் பிள்ளைகளுக்கு இக்குழு மனமாரத் தலைவணங்குகிறது.

கல்வேலையைவிட எங்களுக்கு நிறைவு தந்தது பிள்ளைகளின் பயிற்சி. கோடை விடுமுறையில் வேளச்சேரி நீச்சல் வளாகத்துக்கு அணி அணியாக அழைத்துச் சென்றோம். பெண் பிள்ளைகளை அனுப்ப முதலில் வீடுகளில் தயக்கம் இருந்தது. தாய்மார் சிலர் தாங்களே உடன் வந்து கரையில் அமர்ந்திருக்கத் தொடங்கியபின் அது நீங்கியது. நீந்தத் தெரியாதவர்களுக்கும் "நீட்டு, வீசு, இறங்காதே" என்ற மூன்று சொல் பாடமாகியிருக்கிறது. கரையேற்றியவரைத் தலைகீழாகச் சுழற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் நம்மிடம் இருந்துவந்த வழக்கம். அது தீங்கு என்பதை, முதலுதவி கற்பித்த செவிலியர் பொம்மையை வைத்து விளக்கினார். மூச்சு இல்லையெனில் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டும், பின் மார்பை அழுத்த வேண்டும், அதற்குள் இன்னொருவர் 108ஐ அழைத்திருக்க வேண்டும். ஐக்கிய நாடுகள் சபை 2021இல் உலக நீரில் மூழ்குதல் தடுப்பு நாளாக அறிவித்த ஜூலை 25, நமக்கு ஆடிப்பெருக்குக்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்னதாக வருகிறது. ஒத்திகையை ஆண்டுதோறும் அன்றே நடத்தத் தீர்மானித்துள்ளோம்.

தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கும் நன்கொடையாளர் பட்டியலும் கோயில் அலுவலகத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன. வரும் பொதுக்குழுவில் வரிவரியாகப் படிக்கப்படும். மிஞ்சிய தொகையைப் பிள்ளைகளின் நீச்சல் கட்டணத்துக்கென ஒதுக்க உங்கள் ஒப்புதலைக் கோருகிறோம். வடகரையில் விளக்குகள் இன்னும் போடப்படவில்லை. மின்கம்பம் நடும் இடம் முடிவாகாததே காரணம். ஆகவே அவை எரியும்வரை, மாலை ஆறு மணிக்குமேல் வடகரைப் பக்கம் பிள்ளைகளைத் தனியே அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். மூலைப் பெட்டிகளின் கயிறும் கழியும் ஒவ்வோர் அமாவாசையன்றும் சரிபார்க்கப்பட வேண்டும். சித்திரை முதல் ஆடிவரை அதற்குப் பெயர் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். ஆவணிக்கும் மழை மாதங்களுக்கும் இன்னும் நால்வர் தேவை.

பணிவுடன்,
திருப்பணிக் குழுவினர்