மாத அறிக்கையில் லைக் ஏன் கடைசிப் பக்கத்துக்குப் போகிறது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் சமூக ஊடக விளம்பரங்களைப் பற்றி மாதாமாதம் நாங்கள் அனுப்பும் அறிக்கை, அடுத்த மாதத்திலிருந்து வேறு மாதிரி இருக்கும். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் வந்துகொண்டிருந்த லைக், ஃபாலோயர் எண்கள் கடைசிப் பக்கத்துக்குப் போகின்றன. எத்தனை பேர் விசாரித்தார்கள், அவர்களுக்குப் பதில் போக எவ்வளவு நேரம் ஆனது, அவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்பது முதல் பக்கத்துக்கு வருகிறது. "லைக் குறைந்துவிட்டதா, அதை மறைக்கவா இந்த வேலை?" என்று உங்களில் ஒருவர் போனிலேயே கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான். எல்லோருக்கும் சேர்த்தே பதில் எழுதிவிடுகிறோம்.

ஒரு போஸ்ட் யாருக்குத் தெரிய வேண்டும் என்பது நம் கையில் இல்லாமல் போய் வெகுகாலம் ஆகிறது. புதிய பதிவை முதலில் காட்டும் நேர வரிசையை இன்ஸ்டாகிராம் 2016-இல் கைவிட்டது. நண்பர்கள், குடும்பத்தார் பதிவுகளுக்கே முன்னுரிமை, நிறுவனப் பக்கங்களின் பதிவுகள் குறைவாகவே தெரியும் என்று ஃபேஸ்புக் 2018 ஜனவரியில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. ரீல்ஸ் வந்த பிறகு, யாரென்றே தெரியாதவர்களின் வீடியோவும் திரையில் நிறைய வருகிறது. பத்தாயிரம் ஃபாலோயர் இருந்தால் பத்தாயிரம் பேர் பார்ப்பார்கள் என்ற கணக்கு அன்றோடு போயிற்று.

"அப்படியானால் பணம் கட்டி விளம்பரம் போடுங்கள்" என்பீர்கள். போடுகிறோம். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், லைக்கை ஏன் பின்னுக்குத் தள்ளினோம் என்பது விளங்கிவிடும். ஒருவர் திரையைத் தள்ளிக்கொண்டே போகும்போது, அடுத்து வரும் விளம்பர இடத்துக்கு ஒரு ஏலம் நடக்கிறது. அதிகம் கேட்டவருக்கே இடம் என்றில்லை. அந்த மனிதர் நாம் விரும்பும் செயலைச் செய்ய எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது, விளம்பரம் எவ்வளவு தரமானது என்பதையும் சேர்த்துத்தான், ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டா நிறுவனத்தின் இயந்திரம் முடிவு செய்கிறது. நாம் விரும்பும் செயல் எது? விளம்பரத்தைத் தொடங்கும்போதே அதைத் தேர்ந்தெடுத்துச் சொல்ல வேண்டும். லைக், கமெண்ட் வேண்டும் என்று சொன்னால், பார்த்ததற்கெல்லாம் லைக் போடும் பழக்கம் உள்ளவர்களாகத் தேடிப் பிடித்துவரும். எண் ஏறும், கல்லாவில் ஒன்றும் விழாது. விசாரிப்பு வேண்டும் என்று சொன்னால் லைக் பாதியாகக் குறையலாம், ஆனால் போன் அடிக்கும். இனி உங்கள் விளம்பரங்களில் இரண்டாவதைத்தான் தேர்வு செய்யப்போகிறோம்.

வீடியோ எண்களையும் அப்படியே நம்ப வேண்டாம். சராசரியாக எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை, 3 விநாடிக்கு மேல் பார்த்தவர்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டதால் அந்த எண் கூடிப்போயிருந்தது என்று ஃபேஸ்புக் நிறுவனமே 2016-இல் ஒப்புக்கொண்டது. அதற்குள் இரண்டு ஆண்டுகள் ஓடியிருந்தன.

விளம்பரம் பார்த்து வாங்கியவர் யார் என்று துல்லியமாகச் சொல்வதும் இப்போது கடினம். ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 14.5 2021 ஏப்ரலில் வந்த பிறகு, ஒருவர் மற்ற ஆப்களிலும் இணையதளங்களிலும் என்ன செய்கிறார் என்று கண்காணிக்க ஆப்கள் அவரிடமே அனுமதி கேட்டாக வேண்டும். இதனால் 2022 வருமானத்தில் சுமார் 1,000 கோடி டாலர் போகும் என்று மெட்டாவே கணித்தது. ஆகவே நீங்கள் பார்க்கும் சில எண்கள் எண்ணியவை, சில மதிப்பிட்டவை. வாட்ஸ்அப்பில் நண்பர் அனுப்பிய லிங்க்கைத் தொட்டு வருபவர், பெரும்பாலும் தானாகவே வந்தவர் என்றுதான் பதிவாகிறார். இதற்கு எங்களுக்குத் தெரிந்த நல்ல மருந்து பழைய மருந்துதான்: வாங்குபவரிடம் "எங்களைப் பற்றி எப்படித் தெரிந்தது?" என்று கேட்டு ஒரு வரி எழுதி வையுங்கள். இன்னொன்று, நாங்கள் அனுப்பும் லிங்க்கில் கேள்விக்குறிக்குப் பிறகு நீளமாக ஒரு வால் இருக்கும். அசிங்கமாக இருக்கிறதென்று சிலர் அதை வெட்டிவிட்டுப் பகிர்கிறார்கள். அதை வெட்டினால், வந்தவர் எந்த விளம்பரம் வழியாக வந்தார் என்பது போய்விடும்.

உங்கள் கையிலேயே இருக்கும் இணையதளத்துக்கும் மின்னஞ்சல் பட்டியலுக்கும் இனி கூடுதல் நேரம் ஒதுக்குகிறோம், அடுத்தவர் தளத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் ஒன்றாகப் படுத்துக்கொண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் 2019-இல் மூடப்பட்டபோது அங்கே ஆள் சேர்த்தவர்கள் வெறுங்கையோடுதான் வெளியே வந்தார்கள். பட்டியல் என்றதும் காசு கொடுத்து வாங்கலாமே என்று தோன்றும். அந்த வேலைக்கு நாங்கள் வரமாட்டோம். மொத்தமாக மின்னஞ்சல் அனுப்புவோர் மீது ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்று ஜிமெயிலும் யாகூவும் 2024 பிப்ரவரியிலிருந்து கறாராக இருக்கின்றன. கேட்காதவருக்கு அனுப்பினால், கேட்டவருக்கும் போய்ச் சேராது.

எங்கள் அலுவலகத்திலும் வேலை மாறியிருக்கிறது. வடிவமைப்பாளர் இப்போது வீடியோவும் எடுக்கிறார், கமெண்ட்டுகளுக்கும் பதில் எழுதுகிறார். "இது வேறு நிறத்தில் கிடைக்குமா?" என்று ஒருவர் கேட்டிருப்பார்; பதில் வருகிறதா என்று அதே சந்தேகத்தோடு வாயே திறக்காமல் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் பலர். அந்த ஒரு வரிப் பதிலுக்கு ஒரு போஸ்டரைவிட மதிப்பு அதிகம் என்பது எங்கள் எண்ணம். முதல் வரைவு எழுத ஏஐ கருவிகளைப் பயன்படுத்துகிறோம். விலை, உத்தரவாதம், தேதி இருக்கும் எந்த வரியும் ஒரு மனிதர் சரிபார்க்காமல் வெளியே போகாது. பொய் ரிவ்யூ எழுதித் தரச் சொல்லி மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள்.

உங்களிடமிருந்து இரண்டு தேவை. முதலாவது, உங்கள் பக்கங்களின் அட்மின் யார் என்று இந்த வாரமே பாருங்கள். வேலையை விட்டுப் போனவரின் சொந்த எண்ணில் கணக்கு இருந்தால், நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கு மாற்றி, இரட்டைச் சரிபார்ப்பையும் (கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் வசதி) போட்டுவிடுங்கள். மாற்றத் தெரியாவிட்டால் கூப்பிடுங்கள், கூடவே இருந்து செய்து தருகிறோம். இரண்டாவது, உங்களிடம் வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை அனுப்புங்கள். திருத்த வேண்டாம், அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இருக்கட்டும், ஏனென்றால் தேடும்போதும் அப்படித்தான் தேடுகிறார்கள். எழுத நேரமில்லை என்றால் வாய்ஸ் மெசேஜாக அனுப்பினாலும் போதும், நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.

அன்புடன்,
உங்கள் விளம்பரப் பணிகளைக் கவனிக்கும் குழுவினர்