பதில் எந்தக் குழுவில்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் கைப்பேசிக் குறிப்புகள் என்று ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். அதில் ஒரு வரி: "முக்கியமான தகவலா? நீங்கள் இருக்கும் எல்லாக் குழுக்களிலும் போட்டுவிடுங்கள், யாராவது பார்ப்பார்கள்." எழுதியவர் எத்தனை குழுக்களில் இருக்கிறாரோ தெரியாது. நான் ஒன்பதில் இருக்கிறேன். ஒன்றில்கூட நானாகச் சேரவில்லை.

தெரு, குடியிருப்போர் சங்கம், பென்ஷன்தாரர்கள், ரேஸ்கோர்ஸ் நடைப்பயிற்சி, பங்காளிகள், குலதெய்வக் கோயில் திருப்பணி, மண்டகப்படிக் கமிட்டி, பள்ளித் தோழர்கள், அப்புறம் என் பேத்தி ஆரம்பித்துவிட்டு மறந்துபோன ஒன்று. இவற்றில் முக்கால்வாசி ஒரே ஆட்கள்தான். விடிகாலையில் ஒருவர் முருகன் படம் போட்டால் எனக்கு ஆறு முருகன் வருகிறார். சரி, ஆறுபடை வீடு என்று கும்பிட்டுக்கொள்கிறேன்.

போன பங்குனியில் நடந்ததை அப்படிக் கும்பிட்டுவிட்டு நகர முடியவில்லை.

என் மனைவிக்கு ஆபரேஷன். பி நெகட்டிவ் இரண்டு யூனிட் வேண்டும் என்றார்கள். என் அக்கா மகன் நல்ல பிள்ளை, பத்தே நிமிடத்தில் பதினோரு குழுவில் போட்டுவிட்டான். தேதி இல்லை. எத்தனை மணிக்குள் என்று இல்லை. "மிக அவசரம், அனைவருக்கும் பகிரவும்" என்பது மட்டும் கொட்டை எழுத்தில். மதியத்துக்குள் ரத்தம் கிடைத்துவிட்டது. "கிடைத்துவிட்டது, நன்றி" என்று அவன் போட்டதோ ஒரே ஒரு குழுவில். சாயங்காலம் மேலூரிலிருந்து ஒரு பையன் வந்து நிற்கிறான். அரைநாள் கூலியை விட்டுவிட்டு, மாட்டுத்தாவணியில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து வந்திருக்கிறான். விஷயத்தைச் சொன்னேன். "கிடைச்சிருச்சாய்யா, நல்லதாப் போச்சு" என்று சிரித்துவிட்டுத் திரும்பினான். டீ குடிக்கக்கூட நிற்கவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆவணியில்கூட திண்டுக்கல்லிலிருந்து ஒரு போன், "சார், ரத்தம் இன்னும் வேணுமா?" என்று. ஒரு முறை ரத்தம் கொடுத்த ஆண் அடுத்து கொடுக்க 90 நாள் ஆக வேண்டும். பங்குனியில் கொடுத்தவர்களே மறுபடி கொடுக்கத் தயாராகிவிட்டார்கள், எங்கள் செய்தி மட்டும் இன்னும் அவசரமாகவே அலைந்துகொண்டிருக்கிறது. திருப்பி எடுக்கவும் வழியில்லை. வாட்ஸ்அப்பில் போட்டதை எல்லோர் போனிலிருந்தும் அழிக்க இரண்டு நாள் சொச்சம்தான் கெடு. மற்றவர்கள் எடுத்துப் போட்டதை அவன் எங்கே போய் அழிப்பான்?

நான் ரயில்வே மெயில் சர்வீஸில் முப்பத்தோரு வருஷம் தபால் பிரித்தவன். கவர் ஒன்று என்றால் விலாசம் ஒன்று. கல்யாணப் பத்திரிகைகள் ஒட்டாத கவரில், ஓரத்தில் மஞ்சளோடு, புக் போஸ்ட்டாக மூட்டை மூட்டையாக வரும். உள்ளே இருப்பது அச்சடித்ததுதான், ஆனாலும் ஒவ்வொரு கவர் மேலும் யாரோ உட்கார்ந்து பெயர் எழுதியிருப்பார்கள். "இதைப் பத்துப் பேருக்கு எழுதாவிட்டால் கெடுதல் வரும்" என்கிற கார்டுகளும் வரும். அந்தக் கிறுக்கனும் காசு கொடுத்துப் பத்துக் கார்டு வாங்கி, கை வலிக்க எழுத வேண்டியிருந்தது. நாலு மாதம் முன்பு என் சிநேகிதன் மகள் கல்யாணம். அழைப்பு மூன்று குழுவில் வந்தது, என் பெயருக்கு வரவில்லை. கேட்டால், "அதான் குரூப்பில் போட்டேனே" என்கிறான். அப்படியானால் குரூப்பே போய் மொய் எழுதட்டும் என்று இருந்தேன். (போகாமல் இருக்க முடியுமா? போனேன்.)

இதெல்லாம் கிழவனின் பழைய கணக்கு, கம்ப்யூட்டர் உலகம் வேறு என்று உங்கள் கட்டுரையாளர் சொல்லக்கூடும். இல்லை. பெங்களூரில் இருக்கும் எங்கள் மாப்பிள்ளை சொன்னார்: 1980-லேயே யூஸ்நெட் என்று, கம்ப்யூட்டர் வழியாகக் குழு குழுவாகக் கடிதம் போட்டுப் பேசிக்கொள்கிற ஒன்று தொடங்கியிருக்கிறது. அதில் பல குழுக்களின் பெயரைத் தலைப்பில் வரிசையாக எழுதி அனுப்பினால் கடிதம் ஒரே பிரதியாக இருக்கும், ஒரு குழுவில் படித்துவிட்டால் அடுத்ததிலும் படித்ததாகிவிடும். பதில்கள் எந்தக் குழுவுக்குப் போக வேண்டும் என்று குறிப்பதற்கே தனி வரி உண்டு. ஒவ்வொரு குழுவிலும் தனித்தனியாகப் போட்டால்தான் வசவு. 1994 ஏப்ரலில் அமெரிக்காவில் இரண்டு வக்கீல்கள் கிரீன் கார்டு விளம்பரத்தை ஆயிரக்கணக்கான குழுக்களில் அப்படிப் போட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். 1995 அக்டோபரில் வந்த ஆர்.எஃப்.சி. 1855 என்கிற இணைய நடத்தைக் குறிப்பிலும், ஒன்றுக்கு மேற்பட்ட மின்னஞ்சல் குழுவுக்கு ஒரே கடிதத்தை அனுப்புகிறவர் அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறதாம்.

பிள்ளை பிடிக்கிறவர்கள் என்ற வதந்தியால் நம் நாட்டில் ஆட்களை அடித்தே கொன்ற 2018-ல், வாட்ஸ்அப்காரர்கள் இங்கே ஃபார்வர்டை ஒரு தடவைக்கு ஐந்து என்று கட்டினார்கள். 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த செய்தியை ஒரு தடவைக்கு ஓர் இடம் என்று இறுக்கினார்கள். எங்கள் தெருவில் அதற்கும் மருந்து உண்டு. காப்பி பண்ணி ஒட்டிவிடுவார்கள், ஃபார்வர்ட் என்ற அடையாளமும் போய்விடும். அழகர் ஆற்றில் இறங்குவதற்கு எந்தப் பாலம் அடைப்பு என்று போன வருஷத்துச் செய்தியை வருஷம் போடாமல் ஒட்டி, அதை நம்பி நான் பேத்தியோடு சிம்மக்கல்லைச் சுற்றிய கதையை இங்கே எழுதினால் உங்களுக்கு இடம் போதாது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். 1987-ல் ஒரு துணுக்கை உங்களுக்கும் இன்னொரு வார இதழுக்கும் அனுப்பினேன். "ஒரே படைப்பை இரு இடங்களுக்கு அனுப்புவது முறையல்ல" என்று தங்களுக்கு முன்பிருந்த ஆசிரியர் கார்டு போட்டார். அதை இன்னும் வைத்திருக்கிறேன். இப்போதும் வாசகர் பக்கத்தின் அடியில் அதே நிபந்தனையைத்தான் அச்சடிக்கிறீர்கள். உங்கள் மேஜைக்கு ஒரு நியாயம், மேலூர்ப் பையனுக்கு ஒரு நியாயமா?

அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் இரண்டு வரி போடுங்கள். செய்தியில் தேதி போடவும், எந்தெந்தக் குழுவில் போட்டிருக்கிறோம், பதில் எதில் வேண்டும் என்று எழுதவும். வேலை முடிந்ததும் போட்ட குழு அத்தனையிலும் முடிந்தது என்று சொல்லவும். பொடி எழுத்தில் போட்டாலும் போதும்.

இக்கடிதம் என் சொந்தக் கைப்பட எழுதியது என்றும், வேறு எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பப்படவில்லை என்றும் இதன் மூலம் உறுதி கூறுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் பிரிப்பாளர்,
செல்லூர், மதுரை.