சிரித்து முடித்த பிறகு

அன்பு மாப்ளே,

ஏஐ முதலாளிகளைக் கிண்டல் செய்து நீ எழுதிய கடிதம் போன வாரமே வந்துவிட்டது. படித்த அன்று வாய்விட்டுச் சிரித்தேன். மறுநாள் திரும்ப எடுத்துப் படித்தபோது சிரிப்பு வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்கே பிடிபட இத்தனை நாள் ஆகிவிட்டது. அதனால்தான் பதில் தாமதம்.

2025 ஜனவரி 20 அன்று டிரம்ப் பதவியேற்றபோது எடுத்த படத்துக்கு நீ எழுதிய வரி: "பதவி ஏற்பவர் நிற்கிறார், பதவி வாங்கியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்." மஸ்க், சக்கர்பெர்க், பெசோஸ், பிச்சை என்று டெக் கம்பெனிப் பெரும்புள்ளிகள் எல்லாரும் அமைச்சர்களாகப் போகிறவர்களுக்கும் முன்னால் இடம் பிடித்திருந்ததை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஆனால் அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. ஏஐ பாதுகாப்புக்காக பைடன் 2023 அக்டோபரில் போட்ட ஆணை ரத்தானது. மிகப் பெரிய ஏஐ மாடல்களைச் செய்கிறவர்கள் சோதனை முடிவுகளை அரசிடம் காட்ட வேண்டும் என்பது அதில் ஒரு பகுதி. படத்தை நான் அன்றைக்கே பார்த்துவிட்டேன். ஆணை போன விஷயம் பல நாள் கழித்துத்தான் என் கண்ணில் பட்டது. நம் கிண்டல் எல்லாம் முன்வரிசையிலேயே நின்றுவிட்டது, மாப்ளே. கையெழுத்து நடந்த மேசைப் பக்கம் நாம் திரும்பவே இல்லை.

நீ சொன்ன மற்றதும் உண்மைதான். மிகப் பெரிய ஏஐ மாடல்களுக்குப் பயிற்சி கொடுப்பதை ஆறு மாதம் நிறுத்துங்கள் என்ற கடிதத்தில் 2023 மார்ச்சில் மஸ்க் கையெழுத்துப் போட்டார், ஜூலையில் சொந்தமாக எக்ஸ்ஏஐ கம்பெனியை அறிவித்தார். எங்களுக்குக் கட்டுப்பாடு தேவை என்று சாட்ஜிபிடி கம்பெனித் தலைவர் ஆல்ட்மேன் அமெரிக்க மேலவையான செனட்டில் சொன்னதும் அதே வருஷம்தான். இதையெல்லாம் வைத்து நாம் என்ன கேலி செய்தாலும் அவர்களுக்கு உறைக்காது. மஸ்க்கே நாளெல்லாம் மீம் போடுகிறவர். அவரை மீமால் எப்படி அசைப்பாய்?

சரி, என் வேலைக் கதையைச் சொல்கிறேன். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் விவரத் தாள்களை முன்பெல்லாம் நானே மொழிபெயர்ப்பேன். இப்போது ஏஐ மொழிபெயர்த்து வருவதை நான் சரிபார்த்தால் போதுமாம், கூலியும் பாதியாகிவிட்டது. போன மாதம் அப்படி ஒரு தாளில் ஒரு வரி: "சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரின் ஆலோசனைப்படி எடுத்துக்கொள்ளலாம்." வழவழவென்று ஓடுகிற தமிழ், சந்திகூடத் தப்பவில்லை. நானும் தாண்டிப் போய்விட்டேன். மூன்று வரி கழித்து ஏதோ உறுத்தியது. திரும்பி வந்து விரலை வைத்துச் சொல் சொல்லாக ஒப்பிட்டேன். அவர்கள் இதை எடுத்துக்கொள்ளவே கூடாது என்று மூலத்தில் இருந்தது.

முன்பு மெஷின் மொழிபெயர்ப்பு தப்புச் செய்தால் வாக்கியமே கோணலாக இருக்கும், பார்த்த உடனே தெரிந்துவிடும். இந்த ஏஐயோ அடுத்து எந்தச் சொல் பொருந்தி வரும் என்று கணித்துக் கணித்து எழுதுகிறது. அதனால் தப்பும் சரியைப் போலவே சீராக வந்து உட்கார்ந்துகொள்கிறது. சாட்ஜிபிடி கற்பனை செய்த தீர்ப்புகளை நியூயார்க் வக்கீல்கள் 2023-ல் கோர்ட்டில் கொடுத்து 5,000 டாலர் அபராதம் கட்டியதை ரசித்து எழுதியிருந்தாயே, அங்கே எதிர்த்தரப்பு வக்கீல் இருந்தார், நீதிபதி இருந்தார், தேடிப் பார்த்தார்கள். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு தாளைப் படிக்கிற நோயாளிக்கு யார் இருக்கிறார்கள்? அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அதற்கு முன் அவசரமாகப் பார்த்து அனுப்பிய தாள்கள் எத்தனை என்று எண்ணிக்கொண்டே கிடந்தேன்.

அப்புறம்தான், இந்த ஏஐ முதலாளிகளை யாராவது எங்கேயாவது நிறுத்தியிருக்கிறார்களா என்று தேட ஆரம்பித்தேன். நிறுத்தியிருக்கிறார்கள். மாநிலங்கள் ஏஐக்குச் சட்டம் போடுவதற்குப் பத்து வருஷம் தடை என்று ஒரு பிரிவை அமெரிக்காவில் பெரிய பட்ஜெட் மசோதாவுக்குள் செருகி, 2025 மே மாதம் கீழவையில் நிறைவேற்றியும் விட்டார்கள். ஓட்டுப் போட்டபோது அது உள்ளே இருந்ததே தனக்குத் தெரியாது என்று ஒரு உறுப்பினரே பிறகு சொன்னார். அதற்குள் இரண்டு கட்சியையும் சேர்ந்த 40 மாநில அரசுத் தலைமை வழக்கறிஞர்கள் எதிர்த்துக் கடிதம் எழுதியிருந்தார்கள். ஜூலை 1-ல் செனட் அந்தப் பிரிவை 99-க்கு 1 என்ற கணக்கில் தூக்கி எறிந்தது. டிரம்ப் கட்சிக்காரர்களே தூக்கி எறிந்தார்கள்! ஹாலிவுட் எழுத்தாளர்களும் அப்படித்தான். 2023-ல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து, ஏஐயைப் பயன்படுத்தச் சொல்லி எழுத்தாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினார்கள். அலுப்பான வேலை, மாப்ளே. மசோதாவை வரி வரியாகப் படிக்க வேண்டும், கடிதம் எழுத வேண்டும், சம்பளம் இல்லாமல் மாதக் கணக்கில் நிற்க வேண்டும். எனக்கு இப்போது அந்த மனிதர்கள் மேல்தான் மரியாதை.

அதனால் உன்னிடம் ஒரு உதவி. என்னைப் போன்ற மொழிபெயர்ப்பாளர்கள் சிலர் சேர்ந்து ஒரு மனு எழுதியிருக்கிறோம். ஏஐ மொழிபெயர்த்த மருந்துத் தாளை ஒரு ஆள் மூலத்தோடு ஒப்பிட்டுப் படித்திருக்க வேண்டும், படித்தவர் பெயர் தாளின் அடியில் இருக்க வேண்டும், அந்த வேலைக்கு முழுக் கூலி தர வேண்டும். இவ்வளவுதான் கேட்கிறோம், ஆனால் ஏழு பக்கம் ஆகிவிட்டது. உன்னைப் போல நாலு வார்த்தையில் குத்துகிற மாதிரி எழுத எங்களில் ஆள் இல்லை. ஒரே பக்கமாகச் சுருக்கித் தருவாயா? அந்தச் சிறுநீரக வரி மட்டும் அப்படியே இருக்கட்டும், அதில் கை வைக்காதே.

முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லையே. அடுத்த கடிதத்தில் முதலில் அதை எழுது. மனுவை இதோடு வைத்திருக்கிறேன். மாதக் கடைசிக்குள் எனக்குத் திரும்பி வர வேண்டும்.

உன்,
பழைய அறைத்தோழன்